மார்பக இம்ப்ளான்ட்: தேர்வு, மாற்று அறுவை, அதற்குப் பிறகு – உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கத்தி பிடித்ததில்லை. மார்புக்குள் வைக்கும் ஜெல் அல்லது உப்பு நீர்ப் பைதான் இம்ப்ளான்ட்; அதன் பெட்டியைப் பிரித்துக் கொடுத்து, அதன் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பாதி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: உள்ளே என்ன வைத்தார்கள் என்றே பலருக்குத் தெரியவில்லை. அதனால் அம்பத்தூர் அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

சிஸ்டர், 2012-ல் வைத்தது. கம்பெனி பேர் தெரியாது, வலியும் இல்லை. பத்து வருஷம் ஆனா மாத்தியே ஆகணும்னு சொல்றாங்களே? – அம்பத்தூர்

பத்து வருஷக் கெடு என்று எதுவும் இல்லைம்மா. ஆனால் ஆயுசுக்கும் வரும் பொருளும் இல்லை. நாளாக ஆக இம்ப்ளான்ட்டின் உறை கிழியவும், அதைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வு இறுகவும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். சிலிக்கான் ஜெல் என்றால் கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ சொல்லும் கணக்கு இது: வைத்து 5 அல்லது 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. முதலில் ஸ்கேன், மாற்றும் பேச்சு அதன் பிறகு.

கூடவே, ஆபரேஷன் செய்த இடத்தின் ரெக்கார்டு பிரிவில் ஆபரேஷன் குறிப்பின் நகல் கேளுங்கள். கம்பெனி, மாடல், எத்தனை சிசி (அதாவது மில்லி), லாட் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிஐபி என்ற பிரெஞ்சு கம்பெனி தொழிற்சாலைத் தர சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் வெளியே வந்தது. 2019-ல் அலர்கன் கம்பெனி பயோசெல் என்ற தன் சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இரண்டு தடவையும் தன்னிடம் இருப்பது எது என்று தெரிந்தவர்கள் நேராக டாக்டரிடம் போனார்கள். தெரியாதவர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். பழைய பேப்பர் கிடைக்காவிட்டால், வெளியே எடுக்கும்போது பின்பக்கத்தில் பெரும்பாலும் எண் அச்சாகியிருக்கும். அதைக் குறித்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

சொரசொரப்பு வகையில் கேன்சர் வரும் என்கிறார்களே, எனக்கு அதுதான் இருக்கிறது. உடனே எடுக்கணுமா? – அண்ணா நகர்

பயோசெல் திரும்பப் பெறப்பட்டதே அதனால்தான். இது மார்பகப் புற்று அல்ல. இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் ஒரு வகை லிம்போமா, அதாவது நிணநீர் அணுக்களில் வரும் புற்று. அரிது, சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்ட்டையும் சவ்வையும் எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். தொந்தரவு இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது இதை: வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், அதை "நீர் கோத்திருக்கு, தானா வடியும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த நீரை ஊசியில் எடுத்து, இந்த லிம்போமாவைத் தேடும் சிடி30 சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சலைனா சிலிக்கானா? உருண்டையா, நீர்த்துளி வடிவமா? ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள் அக்கா. – வேளச்சேரி

சலைன் என்பது உப்பு நீர். கசிந்தால் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஒரு பக்கம் சப்பிப் போய் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒல்லியான உடம்பில் மேல் பக்கம் சுருக்கம் தெரியும், தொட்டால் கொஞ்சம் இயற்கையில்லாமல் இருக்கும். சிலிக்கான் ஜெல் தொடுவதற்குச் சதை போலவே இருக்கும். இப்போது வருகிற கெட்டி ஜெல் வெட்டினால்கூட ஜெல்லி மிட்டாய் மாதிரி அங்கேயே நிற்கும், ஓடாது. ஆனால் கிழிசலை ஸ்கேன்தான் காட்டும். ஸ்கேனுக்குத் தவறாமல் போகிறவளா நீங்கள் என்பதைப் பொறுத்தது.

நீர்த்துளி வடிவம் உள்ளே சுழன்றுவிட்டால் மார்பே கோணலாகத் தெரியும். சுழலாமல் பிடித்துக்கொள்ளத்தான் அதற்குச் சொரசொரப்பு மேற்பரப்பு. மேலே சொன்ன லிம்போமா அந்த மேற்பரப்போடு சேர்ந்தே வருவது. உருண்டை சுழன்றாலும் உருண்டைதான். முதல் தடவை வைப்பவர்களுக்கு வழவழப்பான உருண்டையே போதும் என்பது என் எண்ணம். இறுதியில் உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

அளவை எப்படி முடிவு செய்வது? நான் திருநங்கை, வயசு 27. – பெயர் வேண்டாம்

கப் அளவைச் சொல்லிக் கேட்காதீர்கள்மா, அது கடைக்குக் கடை மாறும். டாக்டர் நெஞ்சின் அகலத்தை அளந்து, அதற்குள் அடங்கும் இம்ப்ளான்ட்டைத்தான் தேர்வு செய்ய முடியும். அகலத்தை மீறினால் ஓரம் அக்குளில் துருத்தும். உங்கள் நெஞ்சுக்கூடு அகலமாக இருந்தால் நடுவில் இடைவெளி கொஞ்சம் இருக்கும், அதை எந்த அளவும் மூடாது. ஹார்மோன் எடுக்கிறீர்கள் என்றால் சொந்தச் சதை வளர அவகாசம் கொடுங்கள். ஓராண்டாவது பொறுத்த பிறகு வைத்தால் மேலே மூடுவதற்குத் தோலும் சதையும் இருக்கும்.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. அரிசியை ஆழாக்கில் அளந்து மெல்லிய பையில் கட்டி, உள்ளாடைக்குள் வைத்து ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்யுங்கள். ஒரு ஆழாக்கு சுமார் 168 மில்லி, இரண்டு ஆழாக்கு 300 சிசி இம்ப்ளான்ட்டைத் தாண்டிவிடும். கண்ணாடியில் அழகாகத் தெரிந்த அளவு சாயங்காலம் தோளை இழுக்கும்போதுதான் நிஜம் தெரியும்.

என் மனைவிக்குப் புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. வைத்த இம்ப்ளான்ட் இப்போது கல்லாக இருக்கிறது. மாற்றினால் சரியாகுமா? – தாம்பரம்

உடம்பு எந்த அந்நியப் பொருளையும் சுற்றி ஒரு சவ்வு கட்டும் சார். அது இறுகினால் கெட்டியாகி, வடிவம் மாறி, வலிக்கும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் இது அதிகம். சவ்வை எடுத்துப் புதிதாக வைத்தாலும் அங்கே மறுபடி இறுக வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் அடிவயிற்றுக் கொழுப்பையும் தோலையும் ரத்தக் குழாயோடு எடுத்து வைக்கும் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். பெரிய ஆபரேஷன்தான், நீண்ட நேரம், வயிற்றில் வடு. இம்ப்ளான்ட் பிரச்சினை அதோடு முடிந்துவிடும். எந்த வழி என்பதை உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விதியிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. பாலிசியில் அந்த வரியைக் காட்டிப் பேசுங்கள்.

அடுத்த மாதம் மாற்று ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன எதிர்பார்க்கலாம்? – மயிலாப்பூர்

பழைய இடத்திலேயே புதிதை வைத்தால் முதல் தடவை பட்ட வலி இருக்காது. நெஞ்சுத் தசைக்கு மேலிருந்ததைத் தசைக்குக் கீழே மாற்றினாலோ, சவ்வு முழுவதையும் எடுத்தாலோ முதல் தடவை மாதிரிதான். சவ்வு எடுத்தால், உள்ளே சேரும் நீர் வெளியே வடிய டிரெயின் குழாய் வைப்பார்கள். எவ்வளவு வடிகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள்.

முதல் வாரம் திரும்பிப் படுத்தால் உள்ளே கொளக் கொளக் என்று சத்தம் கேட்கும். காற்றும் நீரும்தான், கிழிந்துவிடவில்லை. மார்பு மேலே ஏறி, இறுக்கமாக, ஒன்று பெரிது ஒன்று சிறிதாகத் தெரியும். இறங்கி அமைய மூன்று மாதமாவது ஆகும். அதுவரை கண்ணாடியை நம்பாதீர்கள். காம்பில் மரத்துப் போவது பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. பழையதைவிடச் சின்ன அளவு வைத்தால் தோல் தொங்கும். தூக்கித் தைக்க வேண்டுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கம்பியில்லாத இறுக்க பிரா இரவும் பகலும், டாக்டர் சொல்லும் வாரம் வரை. இரண்டு இருந்தால்தான் சென்னை வியர்வையில் துவைத்து மாற்ற முடியும், மடிப்பில் ஈரம் தங்கினால் அரிப்பும் பூஞ்சையும் வரும். மல்லாந்துதான் தூக்கம். கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம், கேன் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். ஸ்கூட்டி, வலி மாத்திரை நிறுத்தி, இரண்டு கையும் தடையில்லாமல் பிரேக் பிடிக்க வந்த பிறகு.

முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று விறைத்து வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். நடு ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

மாமியார் கத்தரிக்காய், பருப்பு, தயிர் எல்லாம் நிறுத்திவிட்டார். சீழ் பிடிக்குமாம். – பெரம்பூர்

பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடுங்கள். மாமியார் சுறாப்புட்டு செய்து தந்தால் மறுக்காதீர்கள், அது நல்லதுதான். நிறுத்த வேண்டியது வீட்டில் யாராவது பிடிக்கும் சிகரெட் புகையை.

சவ்வோடு சேர்த்து மொத்தமாக எடுத்தால்தான் உடம்புச் சோர்வு போகும் என்று வீடியோவில் பார்த்தேன். – போரூர்

இம்ப்ளான்ட் எடுத்த பிறகு சோர்வும் மூட்டு வலியும் குறைந்ததாகப் பலர் சொல்வது உண்மை, அதை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் இதுதான் காரணம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, ரத்தசோகை முதலில் பார்த்துவிடுங்கள். சவ்வை உடையாமல் மொத்தமாக எடுப்பது லிம்போமாவுக்கு அவசியம். மற்றவர்களுக்கு, விலா எலும்போடு ஒட்டிய மெல்லிய சவ்வைச் சுரண்டப் போனால் நுரையீரல் உறை வரை காயம் படலாம். விட்டுவைக்கும் டாக்டர் சோம்பேறி என்று நினைக்காதீர்கள்.

மேமோகிராம், எம்ஆர்ஐ, விமானம் – இதெல்லாம் போகலாமா? – பலர்

விமானத்தில் வெடிக்காது. மேமோகிராமுக்குப் போகலாம், ஆனால் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். எம்ஆர்ஐ-யும் எடுக்கலாம். ஆனால் புற்றுநோய்க்குப் பிறகு தோலை விரிக்க வைக்கும் எக்ஸ்பாண்டர் உள்ளே இருந்தால் அதில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அந்த அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.