கேள்வி – பதில்: ஆர்.கே. நகர் யாருடைய கோட்டை?

கேள்வி: சென்னை ஆர்.கே. நகர் தொகுதியை ஜெயலலிதாவின் கோட்டை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அவருக்கு முன்பு அங்கே யார் யார் வென்றார்கள்? கோட்டை என்று சொல்வது சரிதானா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஜெயலலிதா அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தது 2015 ஜூன் இறுதி முதல் 2016 டிசம்பர் 5-இல் அவர் மறையும் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான். டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் என்ற முழுப்பெயர் கொண்ட இந்த வடசென்னைத் தொகுதி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளின் உழைக்கும் மக்களை வாக்காளர்களாகக் கொண்டு, 1977 முதல் தேர்தலைச் சந்தித்து வருகிறது. முதல் தேர்தலில் அ.தி.மு.க.வின் சார்பில் வென்றவர் திரைப்பட நகைச்சுவை நடிகரான ஐசரி வேலன். 1980-இலும் 1984-இலும் காங்கிரஸ் வென்றது, 1989-இல் தி.மு.க.வின் சற்குண பாண்டியன், 1991-இல் அ.தி.மு.க.வின் மதுசூதனன், 1996-இல் மீண்டும் சற்குண பாண்டியன், 2001, 2006 ஆகிய இரு தேர்தல்களிலும் அ.தி.மு.க. வேட்பாளராக நின்ற சேகர்பாபு, 2011-இல் அதே கட்சியின் வெற்றிவேல் எனப் பட்டியல் நீள்கிறது. ஜெயலலிதாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணை, அதுவும் எதிர்க்கட்சிக்காரரை, இருமுறை தேர்ந்தெடுத்த தொகுதி இது என்பதைக் கோட்டைக் கதை எழுதுகிறவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

2021 வரையிலான பதினொரு பொதுத்தேர்தல்களில் ஒன்பது முறை, மாநிலத்தில் எந்த அணி ஆட்சியைப் பிடித்ததோ அந்த அணியின் வேட்பாளரே இங்கும் வென்றிருக்கிறார். விதிவிலக்குகள் இரண்டுதான். 1980-இல் எம்.ஜி.ஆர். மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது இத்தொகுதி தி.மு.க.வின் கூட்டாளியாக இருந்த காங்கிரஸுக்குப் போனது. 2006-இல் கருணாநிதி முதல்வரானபோது இங்கே அ.தி.மு.க. வென்றது. ஆகவே, 2001-க்குப் பிறகு அ.தி.மு.க. பக்கம் சாய்வு இருந்தது உண்மையென்றாலும், என் கணிப்பில் இது கோட்டை என்பதைவிடக் காற்றாடி என்பதே பொருத்தம். சேகர்பாபுவின் கதையும் அதைத்தான் காட்டுகிறது. இருமுறை வென்ற அவரே 2011-இல் தி.மு.க.வுக்கு மாறி அதே தொகுதியில் நின்றபோது தோற்றார்.

கேள்வி: 2015 இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஜெயலலிதா, அடுத்த ஆண்டே அதே தொகுதியில் நாற்பதாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் வென்றார். மக்கள் ஓராண்டுக்குள் மனம் மாறிவிட்டார்களா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை, எதிரே நின்றவர்கள் மாறினார்கள். சொத்துக்குவிப்பு வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2015 மே 11-இல் விடுவித்ததையடுத்து அதே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதா, அரசியல் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்தது. அதற்காக வெற்றிவேல் பதவி விலகி இடம் தந்தார். தி.மு.க., காங்கிரஸ், தே.மு.தி.க., பா.ம.க., பா.ஜ.க. ஆகிய கட்சிகள் அந்த இடைத்தேர்தலில் போட்டியிடவே இல்லை. களத்தில் சொல்லத்தக்க எதிரியாக இருந்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மகேந்திரன். அவர் பெற்றது 9,710 வாக்குகள், ஜெயலலிதா பெற்றது 1,60,432. ஆளில்லாத மைதானத்தில் ஓடி எடுத்த நேரத்தைச் சாதனைப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. 2016 மே மாதத்தில் தி.மு.க. இறங்கியதும், வேட்பாளர் ஷிம்லா முத்துச்சோழன் 57,673 வாக்குகள் வாங்கினார். ஜெயலலிதாவின் கணக்கு 97,218 ஆகியது, வித்தியாசம் 39,545. (ஷிம்லா, முன்பு நான் குறிப்பிட்ட சற்குண பாண்டியனின் மருமகள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.)

கேள்வி: 2017-இல் ஒரே தொகுதிக்கு இரண்டு முறை இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது ஏன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதல் தேர்தல் ஏப்ரல் 12-இல் நடந்திருக்க வேண்டும். ஜெயலலிதா மறைந்து கட்சி இரண்டாகப் பிளந்திருந்த நேரம் அது. இரு தரப்பும் இரட்டை இலைக்கு உரிமை கோரியதால் தேர்தல் ஆணையம் மார்ச் மாதம் சின்னத்தையே முடக்கியது. சசிகலா தரப்பில் டி.டி.வி. தினகரன் தொப்பிச் சின்னத்திலும், ஓ. பன்னீர்செல்வம் தரப்பில் பழைய சட்டமன்ற உறுப்பினரான மதுசூதனன் மின்கம்பச் சின்னத்திலும் இறங்கினார்கள். வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது வருமான வரித்துறை நடத்திய சோதனைகளில், வாக்காளர்களுக்குப் பணம் விநியோகிக்கப்பட்டதைக் காட்டும் ஆவணங்கள் சிக்கியதாகச் செய்தி வர, ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது.

எட்டு மாதங்களுக்குப் பிறகு, டிசம்பர் 21-இல் மறுபடி வாக்குப்பதிவு நடந்தபோது காட்சி முற்றிலும் மாறியிருந்தது. எடப்பாடி பழனிசாமியும் பன்னீர்செல்வமும் ஒன்றுசேர்ந்து, இரட்டை இலையும் அவர்களுக்கே திரும்பக் கிடைத்திருந்தது. மதுசூதனன் இப்போது இலைச் சின்னத்தில் நின்றார். தொப்பி கேட்டும் கிடைக்காமல் குக்கர் சின்னம் பெற்ற தினகரன் சுயேச்சை. ஆளுங்கட்சியும் பழகிய சின்னமும் ஒருபுறம் இருக்க, தினகரன் 89,013 வாக்குகளும் மதுசூதனன் 48,306 வாக்குகளும் பெற்றார்கள். 20 ரூபாய் நோட்டை அடையாளச் சீட்டாகக் கொடுத்து வாக்குகள் வாங்கப்பட்டதாகத் தோற்றவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். பணத்தின் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பணம் கொடுத்ததாக எல்லாத் தரப்பின் மீதும் புகார் எழுந்த ஒரு தேர்தலில், வித்தியாசம் 40,707 ஆனதற்குப் பணத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது, ஆட்சியின் மீதிருந்த வெறுப்பைப் பார்க்காமல் நழுவும் வழியாகவே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அதே தேர்தலில் பா.ஜ.க.வைவிட நோட்டாவுக்கு அதிக வாக்குகள் கிடைத்தன என்பது உண்மையா? தி.மு.க. வைப்புத்தொகையை இழந்ததா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: இரண்டும் உண்மை. நோட்டா 2,373, பா.ஜ.க. 1,417. தி.மு.க.வின் மருது கணேஷ் 24,651 வாக்குகள் பெற்றார்; வைப்புத்தொகையைக் காப்பாற்றப் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும், அது அவருக்குச் சில ஆயிரங்கள் குறைந்தது.

கேள்வி: தினகரன் தொடர்ந்து அங்கேயே நின்றாரா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. 2018 மார்ச்சில் அம்மா மக்கள் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய அவர், 2021 பொதுத்தேர்தலில் கோவில்பட்டிக்குப் போய்த் தோற்றார். ஆர்.கே. நகரில் அப்போது வென்றவர் தி.மு.க.வின் எபினேசர். மூன்றரை ஆண்டுகளுக்கு முன் வைப்புத்தொகையை இழந்த அதே கட்சி, இம்முறை அ.தி.மு.க.வை நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றது.