மரவள்ளிக் கிழங்குக்குப் பக்கத்தில் சம்பல் மட்டும் போதுமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "கிழமையில் மூன்று நான்கு நாள் எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான். சாப்பிட்ட கையோடு இஞ்சித் தேத்தண்ணீர் குடிக்க மாமி விடமாட்டார், நஞ்சாகிவிடுமாம். மரவள்ளியில் சயனைட் இருக்கிறது, கந்தகம் உள்ள சாப்பாடு அதை முறிக்கும் என்று இணையத்தில் பார்த்தேன். மகளுக்கு ஆறு வயது. கிழங்கை நிறுத்தட்டுமா?"

நிறுத்த வேண்டாம். அவிக்கும் முறையையும், கிழங்கோடு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் கவனித்தால் போதும்.

சயனைட் என்ன செய்யும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பெயரைப் பிள்ளையின் சாப்பாட்டோடு சேர்த்து வாசித்தபோது உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் கிழங்கில் அது அப்படியே இருப்பதில்லை, லினமரின் என்ற பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அதிலேயே உள்ள லினமரேஸ் என்ற நொதி லினமரினோடு கலந்து அதை உடைக்கிறது. அப்போது வெளிவரும் ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். உடையாத லினமரினோ தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே தோலைத் தடிப்பாக உரியுங்கள், நஞ்சு கூடுதலாக இருப்பது அங்கேதான். சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பெரும்பகுதி போய்விடும். பச்சையாக வெட்டி நேரே எண்ணெயில் பொரித்தால் அந்த அளவுக்குப் போகாது. கசக்கிற கிழங்கு என்றால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு கவனமாக அவித்தாலும் கொஞ்சம் மிஞ்சலாம். அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது உடம்பிலுள்ள கந்தகம்தான். நீங்கள் இணையத்தில் பார்த்ததில் உண்மை இருக்கிறது.

ஈரலில் ரொடனேஸ் என்ற நொதி இருக்கிறது. 1933 இல் கொன்ராட் லாங் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கண்டறிந்தது. இது தன்னிடமுள்ள ஒரு கந்தக அணுவின் மேல் இன்னொரு கந்தக அணுவை ஏற்றி வைத்திருக்கும். பெர்சல்பைட் என்று சொல்வது இதைத்தான். அந்த இரண்டாவது கந்தகம் இலகுவில் கைமாறக்கூடியது. சயனைட் வந்தால் அதைத் தூக்கிக் கொடுத்து, நஞ்சு மிகக் குறைந்த தயோசயனேற்றாக மாற்றிவிடுகிறது. அது சிறுநீரோடு போய்விடும். சயனைட் நஞ்சேறியவர்களுக்கு வைத்தியசாலையில் ஏற்றும் சோடியம் தயோசல்பேற்றும் இதே நொதிக்குக் கந்தகம் கொடுக்கிற மருந்துதான்.

கலங்கள் இப்படித் துடிப்பான கந்தகத்தை வைத்திருப்பது சயனைட்டுக்காக மட்டும் அல்ல. கூழ்முட்டை மணம் தரும் ஐதரசன் சல்பைட்டு வாயுவை எங்கள் உடம்பே மிகச் சிறிய அளவில் உண்டாக்குகிறது. மூளை அதைச் செய்தி கடத்தப் பயன்படுத்தக்கூடும் என்று 1996 இல் அபே, கிமுரா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குருதிக் குழாய்களைத் தளர்த்துவதிலும் அதற்குப் பங்குண்டு. கலத்தை ஒட்சியேற்றப் பாதிப்பிலிருந்து காக்கும் குளுட்டாதயோனும் கந்தகச் சேர்மம்தான். எனக்கு உயிர்வேதியியலில் மிகவும் பிடித்த பகுதி இது. அளவு கூடினால் ஆளையே கொல்லும் ஒரு வாயுவைக் கலம் துளித்துளியாகச் செய்து வேலை வாங்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய கந்தகம் மெதியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. மெதியோனினை உடம்பு உண்டாக்காது, சாப்பாட்டுப் புரதத்தில்தான் எடுக்க வேண்டும். மரவள்ளியிலோ புரதம் மிகக் குறைவு. நஞ்சில் ஒரு துளியைக் கொண்டுவரும் கிழங்கு, அதை முறிக்கும் கந்தகத்தைக் கொண்டுவருவதில்லை.

இது பெரிதாகப் போனால் என்ன நடக்கும் என்பதை ஆபிரிக்கா கண்டிருக்கிறது. கொன்சோ என்ற நோயில் கால்கள் விறைத்து நிரந்தரமாக முடங்கிவிடும். 1938 இல் கொங்கோவில் பதிவானது. 1981 வரட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது, அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பெண்களும் பிள்ளைகளும். கசப்பு மரவள்ளியை அரைகுறையாகப் பதப்படுத்தி, வேறு எதுவும் இல்லாமல் கிழமைக்கணக்காகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். பசியும் இடப்பெயர்வும் தெரிந்த எங்களுக்கு அந்த நிலைமை விளங்கும். உங்கள் வீட்டு நிலைமை அது அல்ல, பயப்படாதீர்கள்.

கிழங்கு சாப்பிடும் நாளில் மகளுக்கு ஒரு முட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் நெத்தலிக் கருவாடு, முல்லைத்தீவுக் கடல் மீன், இரணைமடுக் குளத்து மீன், எது கைக்கு எட்டுகிறதோ அது. மச்சம் சாப்பிடாத நாளில் தயிர், பயறு, கௌபி. உள்ளியிலும் வெங்காயத்திலும் கந்தகம் உண்டுதான், ஆனால் நாங்கள் சாப்பிடும் அளவு புரதத்துக்கு ஈடாகாது. கந்தக மாத்திரை தேவையில்லை. அயடீன் கலந்த உப்பைப் பாவியுங்கள், ஏனென்றால் தயோசயனேற்று தைரொயிட் சுரப்பி அயடீனை எடுப்பதைக் குறைக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயோடு பலர் இருக்கிறார்கள். கிளினிக்கில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நான் சொல்வதைப் பார்த்துக் கூட்டிவிடாதீர்கள், அங்கே கேட்டுச் செய்யுங்கள்.

ஒடியற் கூழுக்குப் போடும் மரவள்ளியையும் முதலில் தனியாக அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சேருங்கள். கூழில் தண்ணீர் வெளியே போவதில்லை அல்லவா?

இஞ்சி விஷயத்தில் மாமியோடு சண்டை வேண்டாம். லினமரினை உடைக்கும் நொதி கிழங்கிலேயே இருப்பதால் நஞ்சு வெளிவர இஞ்சி தேவையில்லை. தேத்தண்ணீரைப் பிறகு குடித்தாலும் நட்டமில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அவிப்பதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

கிழங்கு சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் தலைச்சுற்று, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகம் என்று பிள்ளைக்கு வந்தால் கைவைத்தியம் செய்து பார்க்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், என்ன சாப்பிட்டாள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.