எட்டுக்கால் காட்டெருமையும் பாம்பன் படகும்

அன்புள்ள ஐயா,
சென்னையில் ஆதிமனிதனின் குகை ஓவியங்களை வைத்து அமைத்த ஒளி-ஒலிக் காட்சிக்குப் போயிருந்தேன். சுவரெங்கும் எருதுகள் ஓடின, பறை முழங்கியது. அசையாத ஓவியத்தை ஓட விடுவது வரைந்தவனுக்குச் செய்யும் துரோகமில்லையா? குகையே இல்லாத நம் இராமநாதபுரம் கரைக்கும் இதற்கும்தான் என்ன தொடர்பு?
வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

அவை முதலிலிருந்தே ஓடியவைதான். பிரான்சின் ஷோவே குகையில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால்கள். வரைந்தவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. தீப்பந்தம் அசைய அசைய அந்தக் கால்கள் மாறி மாறித் தெரியும், எருமை ஓடும். நியோ என்ற இன்னொரு குகையில் குரல் கொடுத்துச் சோதித்தவர்கள், எதிரொலி மிகுந்த இடங்களில்தான் ஓவியங்கள் செறிந்திருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள்.

உங்களை உறுத்தியது அசைவு அல்ல, ஓயாத பறையும் வெளிச்சமும் என்றே நினைக்கிறேன். அதில் நான் உங்கள் கட்சி. குகையில் பாதி வேலையைச் செய்வது இருட்டு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திருவிழாப் பந்தல். ஆனாலும் இப்படிப்பட்ட முயற்சிகள் வேண்டும். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடுகின்றன என்று லாஸ்கோ குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். நமக்குக் கிடைப்பது நகல்கள்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லை. அப்படியென்றால் நாம் வலை வீசுகிற இடமெல்லாம் அன்று தரை. இலங்கையின் ஃபாஹியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அவர்களின் முன்னோர் நம் பக்கமாக நடந்தே போயிருக்க வேண்டும். அவர்கள் அடுப்பு மூட்டிய இடங்கள் நம் படகுகளுக்கு அடியில் கிடக்கலாம்.

சென்ற மாதம் பாம்பன் கரையில் ஒரு நாட்டுப்படகைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். ஐந்து வயது மகள் பலகையில் கையை விரித்து வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்றாள். அவர் அதட்டிப் பார்த்தார், பிறகு விரல்களைச் சுற்றியே தூரிகையை ஓட்டினார். அவள் கையை எடுத்ததும் சிவப்புக்கு நடுவே வெறும் மரத்தில் ஒரு சின்னக் கை. சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் வழிந்திருந்தது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இதே போன்ற ஒரு கை பாறையில் இருக்கிறது. கையைச் சுற்றிச் சாயத்தைத் தெளித்துப் பதித்தது, வயது குறைந்தது 39,900 ஆண்டுகள். குகைகளின் செஞ்சாயம் பெரும்பாலும் காவிக்கல். அதன் சிவப்பும் அந்தப் படகின் சிவப்பும் ஒரே இரும்பு ஆக்சைடு. மார்கழியில் உங்கள் வீட்டுக் கோலத்துக்குக் கரைக்கும் செங்காவியும் அதுதான்.

அந்தக் காட்சியை அமைத்தவர்களை உங்களுக்குத் தெரியுமென்றால் ஒருமுறை இங்கே அழைத்து வாருங்கள். படகு இன்னும் கரையில்தான் இருக்கிறது.