கொரிய ஐடல் நிகழ்ச்சிகள் முதலில் ஏன் இவ்வளவு குழப்புகின்றன?

கே-பாப் (கொரிய பாப் இசை) குழுக்கள், அதாவது ஐடல்கள், வரும் கொரிய டிவி நிகழ்ச்சிகளை முதல்முறை பார்த்தபோது தலை சுற்றியது, எல்லாருக்கும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, முக்கியக் காரணம் திரை முழுக்க எழுத்து. ஒருவர் லேசாக முகம் சுளித்தால்கூடப் பக்கத்தில் கலர் எழுத்தில் ஒரு வரி வந்து விழும்; பாதி நேரம் அது அவர் பேசியதே இல்லை, எடிட்டிங்கில் சேர்க்கும் கருத்து. நாலைந்து எபிசோடில் கண் பழகிவிடும்.

2011-இல் தொடங்கிய 'வீக்லி ஐடல்' நிகழ்ச்சியைப் பாருங்கள். வெறும் வெள்ளைப் பின்னணிதான். அதில் 'ரேண்டம் பிளே டான்ஸ்' என்று ஒரு பகுதி: குழுவின் பாட்டுகளிலிருந்து ஏதோ ஒரு துண்டு திடீரென ஒலிக்கும், அந்த வரிக்கு யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஓடி நின்று ஆட வேண்டும், சட்டென்று பாட்டு மாறும், மறுபடி ஓட்டம். மேடையில் பிசிறில்லாமல் ஆடுபவர்கள் இங்கே ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு, தப்பு யாருடையது என்று விரல் நீட்டிச் சிரிப்பார்கள். எவ்வளவு பயிற்சி இருந்தால் இது முடியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் 2016-இல் இதே நிகழ்ச்சியில் ஜிஃப்ரெண்ட் என்ற பெண்கள் குழுவின் ஆறு பேரும் தங்கள் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஆடினார்கள். சரி, அந்த எபிசோடிலிருந்தே தொடங்குங்கள்.