அண்ணன் கோபம் இருக்கட்டும், பையனைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் சொந்தக்காரர்களுக்கு முகம் கொடுப்பதில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில் வரவேற்க நின்ற அண்ணனையே தாண்டிப் போய்விட்டார். கேட்டால், “குரல் கேட்டால்தான் எனக்கு ஆள் தெரியும்” என்கிறார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். எட்டு வயது மகனுக்கும் அதே அப்பன் புத்தி. பழனியில் மொட்டை போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் போய் நின்றேன், என்னைப் பார்த்தும் பாராததுபோல் போகிறான். ஓர் அறை விட்டேன். இவரை எப்படித் திருத்துவது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அண்ணனுக்கு நடந்த அவமரியாதைக்கு மூன்று பக்கம், பையனுக்கு விட்ட அறைக்கு ஒரு வரி. நான் அந்த ஒரு வரியை விடுவதாக இல்லை.

எட்டு வயதுப் பிள்ளை பெற்ற தாயைத் திமிரிலா தாண்டிப் போகும்? முடி இருந்தவரை தெரிந்த அம்மா மொட்டையானதும் தெரியவில்லை என்றால், இத்தனை நாளும் அவன் உங்கள் ஜடையைப் பார்த்துத்தான் ஓடி வந்திருக்கிறான். இதுகூடவா உறைக்கவில்லை?

முகமறியாமை என்று ஒரு குறைபாடு உண்டு. 1947-லேயே போடாமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். கண்ணில் கோளாறு இருக்காது. மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாக நன்றாகவே தெரியும். அதையெல்லாம் சேர்த்து ‘இவர் இன்னார்’ என்று பிடிக்கும் வேலை மூளையின் அடிப்பகுதியில், பெரும்பாலும் வலது பக்கம் நடக்கிறது. அது சரியாக நடக்காதவர்கள் குரல், நடை, மூக்குத்தி என்று எதையாவது வைத்துச் சமாளிப்பார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வருவதும் உண்டு. பிறவியிலேயே இருப்பது ஏறத்தாழ 50 பேரில் ஒருவருக்கு என்கிறார்கள், பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலுக்கே இது இருந்தது.

கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. அப்பா, பிள்ளை இருவரையும் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை கிடையாது, ஆனால் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவைக்கலாம். கூட்டிவரப் போகிறவர் தூரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தையும் பேசிவையுங்கள். எவனாவது வந்து “நான்தான் மாமா” என்றால் இந்தப் பிள்ளை நம்பிவிடுவான், அந்தப் பயம்தான் எனக்கு.

உங்கள் கணவரையும் சும்மா விடமாட்டேன். வாசலில் நின்று வரவேற்கிறவர் யாராக இருந்தால் என்ன, கைகூப்ப முகம் எதற்கு? மச்சானுக்கு மரியாதை தவறக் கூடாது என்று நினைக்கிற பழைய மனுஷி நான். நீங்களும் பக்கத்தில் நின்று “அண்ணன் நிற்கிறாங்க” என்று காதில் போட்டிருக்க வேண்டாமா? அவரைத் தனியே விட்டுவிட்டு, அப்புறம் திருத்த வழி கேட்கிறீர்கள்.

முதலில் பையனிடம், அடித்தது அம்மா தப்பு என்று சொல்லுங்கள். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள். அவர் நம்பாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள்.