கிடா வந்த நாளிலிருந்து பூனை சீறுகிறது

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயி நான். ஏழு பெட்டை ஆடு இருக்கிறது, அதில் நாலு சினை. போன மாதம் எட்டையபுரம் சந்தையில் ஒரு கொடி ஆட்டுக் கிடா பிடித்து வந்து, வீட்டை ஒட்டின கொட்டகையில் கட்டினேன். எலிக்காக வளர்க்கும் மூன்று வயதுக் கடுவன் பூனை அன்றிலிருந்து சரியில்லை. கொட்டகையிலிருந்து நான் வந்தால் என் காலைப் பார்த்துச் சீறுகிறது. வேட்டியை மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்கிறது. திண்ணைச் சுவரிலும் தீவன மூட்டையிலும் மூத்திரம் பீய்ச்சுகிறது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தும் பார்த்தாகிவிட்டது. தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். தீனியில் குறைவில்லை, எலியும் பிடிக்கிறது. வெறி பிடித்திருக்குமோ? அம்மா திருஷ்டி என்கிறார். வீட்டில் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விடச் சொல்கிறார்கள். சந்தையிலிருந்து வருகிற வழியில் ஒரு புண்ணாக்குக் கடையில் பழைய சாக்கில் வாங்கிய நாலு மூட்டை உளுந்தம்பொட்டு நனைந்து வீணாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெறி இல்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்த பூனை 10 நாளைத் தாண்டுவது அபூர்வம். உங்கள் பூனை ஒரு மாதமாகத் தின்று, எலியும் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஆனாலும் கோபத்தில் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பழி முழுவதையும் கிடா மேல் போட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கும் அந்தப் பழைய சாக்கு மேல்தான் சந்தேகம்.

முதலில் சீறலைப் பார்ப்போம். அதற்குக் கிடாதான் காரணம். பருவத்துக்கு வந்த கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும், பார்த்திருப்பீர்கள். அதைவிட முக்கியம், கொம்புக்குப் பின்னால் வாடைச் சுரப்பிகள் இருக்கின்றன. கிடாவை நாம் பிடிப்பதே கொம்பைப் பிடித்துத்தான். அந்தப் பிசுக்கு உள்ளங்கையில் ஒட்டி, வேட்டியில் துடைத்து, வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒரு தடவை கை கழுவினால் போகிற வாடையா அது? பூனைக்கு நீங்கள் தெரிந்த முகம். ஆனால் மோந்து பார்த்தால் தெரியாத ஒரு பெரிய மிருகம் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது பூனை மூக்கைத்தான் நம்பும்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அக்கா தங்கையாக இரண்டு பூனைகள் இருந்தன, ஒரே ஈற்றில் பிறந்தவை. பெரியதற்குக் கருப்பை ஆபரேஷன் முடித்துச் சாயங்காலம் கூடையில் கொண்டுவந்து திறந்தேன். தங்கைக்காரி முதுகு மயிர் சிலிர்க்க, காதை மடக்கிக்கொண்டு அதன் மேல் பாய்ந்துவிட்டது. காலையில் ஒரே தட்டில் பால் குடித்தவை! ஸ்பிரிட் வாடைதான் காரணம். நாலு நாள் தனித்தனி அறையில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதற்குப் போட்டு, அப்புறம்தான் சேர்த்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற வைத்தியன், என் வீட்டில் கூடையைத் திறக்குமுன் யோசிக்கவில்லை.

வாயைத் திறந்தபடி நிற்கிறது என்றீர்களே, அது உங்களுக்குப் பழக்கமான காட்சிதான். பெட்டையின் மூத்திரத்தை மோந்த கிடா மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கழுத்தைத் தூக்குமே, அதே வேலை. மேல்வாயில், முன்பல்லுக்குப் பின்னால், வாடையைப் பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு உறுப்பு இருக்கிறது. காற்றை அங்கே ஏற்றி, வந்தது யார், ஆணா பெண்ணா என்று பூனை கணக்குப் பார்க்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

சரி, பீய்ச்சலுக்கு வருவோம். ஆட்டு வாடைக்காகப் பூனை மிரளும், ஒளியும், சீறும். நான் பார்த்தவரை அதற்காக மட்டும் மூட்டை மூட்டையாகப் பீய்ச்சாது. கடுவன் பீய்ச்சுவது பெரும்பாலும் இன்னொரு கடுவனுக்குச் சொல்லும் பதில். புண்ணாக்குக் கடை என்றால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை இருக்கும். அந்தச் சாக்கில் எத்தனை கடுவன்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவோ! நமக்குத் தவிட்டு வாடை மட்டும்தான் தெரியும். உங்கள் பூனைக்கோ, முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் குடியேறிவிட்டான். கிடாவும் சாக்கும் ஒரே நாளில் வந்ததால் உங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நனையாத உளுந்தம்பொட்டை மூடி உள்ள டிரம்முக்கு மாற்றிவிட்டு, சாக்கு நான்கையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். இரண்டு வாரத்தில் பீய்ச்சல் குறைந்தால் என் சந்தேகம் சரி.

ஒன்றை மட்டும் நேரில் கவனித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நின்றபடி, வாலை நட்டமாகத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரில் பின்பக்கமாக அடித்தால் அது வாடை வைக்கும் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகப் போய், கத்திக்கொண்டு அடியை நக்கினால் கதையே வேறு. கடுவனுக்கு மூத்திரக் குழாய் மெல்லியது, அடைத்துக்கொள்ளும். முழுசாக அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அப்படிக் கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஃபினாயிலை இன்றோடு நிறுத்துங்கள். ஃபினால் வகைச் சரக்கை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. கழுவின தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்கள் வாசல் நிலைக்காலில், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில், எண்ணெய்க் கை பட்டதுபோல ஒரு மங்கல் கறை இருக்கும். போகும்போதும் வரும்போதும் கன்னத்தை உரசி உரசிப் பூனை பூசியது அது. இது என் வீடு என்று அதற்கு ஆறுதல் சொல்கிற வாடை அந்தக் கறையில்தான் இருக்கிறது. நீங்கள் தினமும் கழுவி அதையும் சேர்த்து அழித்திருப்பீர்கள், அது பதறிப்போய் மறுபடி பீய்ச்சியிருக்கும். பீய்ச்சின இடத்தை மட்டும் துணிதுவைக்கும் சோப்புத்தூள் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு, வெயிலில் காயவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் என்றால் உள்ளே இறங்கியிருக்கும், ஈரக்காற்றில் திரும்ப வாடை கிளம்பும். அந்த இடத்தைச் சுரண்டிப் பூசிவிடுவதே மேல். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் வரும் நெடி உங்களுக்கே ஆகாது.

அப்புறம் ஒரு பழைய பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தையும் நெற்றியையும் தினமும் நாலு தடவை தடவி எடுத்து, கழுவிக் காய்ந்த இடங்களில் அதே உயரத்தில் தேய்த்துவிடுங்கள். அது படுக்கிற சாக்கைத் துவைக்க வேண்டாம். கொட்டகைக்கென்று ஒரு வேட்டி, துண்டை அங்கேயே மாட்டிவைத்து, மாற்றிக்கொண்டு வாருங்கள். கிடாவைத் துடைத்த துணியின் சின்னக் கிழிசலைச் சோற்றுத் தட்டுக்குப் பத்தடி தள்ளிப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினால் பழகிவிடும். சோற்றை விட்டு விலகினால் ஒரு அடி பின்னால் வையுங்கள். மூக்கைத் தேய்க்கிற வேலை மட்டும் இனி கூடாது. ஏற்கெனவே உங்கள் கையைக் கண்டால் அதற்குச் சந்தேகம்.

இது காயடிக்காத கடுவன் என்றுதான் நினைக்கிறேன். மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்துவிட்டால், பத்தில் ஒன்று போக மற்றவை பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைக்கும். மூத்திர நெடியும் சில வாரத்தில் தணியும். கிடாக்குட்டிக்குப் போடுகிற இடுக்கியை வைத்து வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள், அப்படியும் ஒருவர் என்னிடம் வந்தார்.

கண்மாய்க்கரை யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எலி இருக்கிற வீட்டில் பூனை இடம் காலியாக இருக்காது. இது போனால் வேறு ஒன்று வரும், பெட்டையாக வந்தால் வைக்கோல் போரில் குட்டி போடும். முதன்முதலாக எலி தின்னப் பழகுகிற குட்டியின் பீயில்தான் டாக்ஸோபிளாஸ்மா கிருமி ஒன்றிரண்டு வாரம் கோடிக்கணக்கில் வெளியேறும். அது தீவனத்தில் கலந்தால் சினை ஆடு குட்டி வீசிவிடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் ஆகாது. மூன்று வருடமாக எலி தின்ற உங்கள் கடுவனால் அந்த ஆபத்து மிகக் குறைவு. உங்களிடம் நாலு சினை ஆடு நிற்கும்போது இவனை அனுப்பிவிட்டுப் புதியவனை ஏன் வரவழைக்க வேண்டும்? நனைந்த உளுந்தம்பொட்டை ஆட்டுக்கு வைக்காமல் எருக்குழியில் தள்ளுங்கள்.

அம்மா திருஷ்டி சுற்றிப் போடட்டும், தடையில்லை. மிளகாயைத் தீயில் போடுவது மட்டும் பூனை காட்டுப்பக்கம் போயிருக்கிற நேரமாகப் பார்த்து இருக்கட்டும்.