மெகாபிக்சலா, சென்சாரா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் வேடந்தாங்கல் போகிறோம். செல்போனில் பறவைகள் புள்ளியாகத்தான் விழுகின்றன. '20 மெகாபிக்சல், 60 மடங்கு ஜூம்' கேமரா வாங்கலாமா?

பதில்: மெகாபிக்சல் இருக்கட்டும், கடைக்காரரிடம் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) அளவைக் கேளுங்கள். அத்தனை ஜூம் உள்ளவற்றில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார்தான். ஓரங்குல சென்சாரின் பரப்பு அதைப்போல் சுமார் 4 மடங்கு. பறவைகள் கூடு திரும்பும் மாலை மங்கலில்தான் வித்தியாசம் தெரியும்: சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 800ஐத் தாண்டினாலே இறகின் கோடுகள் கரைந்துவிடும். விலை கூடுதல்தான். கட்டுப்படியாகாவிட்டால் சிறியதையே வாங்கி, காலை வெயிலில் எடுங்கள்.

லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூமை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். முழு ஜூமில் லென்ஸின் குவியத்தூரம் ('35 மி.மீ. இணை' கணக்கில்) குறைந்தது 400 மி.மீ. எட்ட வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் அவசியம், வெயிலில் திரை தெரியாது. பறக்கும் நாரைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி. உபரி பேட்டரி ஒன்று.